வேலூர்ப் பக்கம் நான்கு ஆண்டு எம்.எல்.டி. படிப்பு: படித்து முடித்தவளின் மதிப்பீடு

வேலூரைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகளுள் ஒன்றில் 2017-ஆம் ஆண்டு பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்து, மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப்பும் முடித்து, 2021-இன் இறுதியில் வெளியே வந்தேன். அன்றிலிருந்து ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். படிப்பு எதற்கு ஆயத்தம் என்று சொல்லி எங்களைச் சேர்த்துக்கொண்டார்களோ, அந்த வேலையில் நின்று பார்த்த பிறகு எழுதினால்தான் மதிப்பீடு நேர்மையாக இருக்கும் என்று இத்தனை காலம் காத்திருந்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நான் கண்ட குறைகளில் பலவற்றை வேறு கல்லூரிகளில் படித்த தோழிகளும் சொல்லியிருக்கிறார்கள் என்பதால், ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிப்பு நல்ல படிப்பு. ஆனால் எனக்குத் தொழிலைக் கற்றுத் தந்தது பெரும்பாலும் கல்லூரிக் கட்டடம் அல்ல, அதனோடு இணைந்திருந்த மருத்துவமனை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தப் படிப்புகளை விற்பதற்குப் பெரிய விளம்பரம் எதுவும் தேவைப்படுவதில்லை, 'வேலூர்' என்ற பெயரே போதுமானதாக இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சேருவதற்கு முன் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிய சிறு மருந்தகம் 1902-இல் மருத்துவமனை ஆனது, இன்றைய சி.எம்.சி. அதுதான். 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பு வந்தது. இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது, நோயாளிகள் முதலில் வந்தார்கள், வகுப்பறை பிறகு வந்தது என்பதுதான். இன்று பல இடங்களில் வகுப்பறையும் கல்லூரிப் பேருந்தும் முதலில் வந்துவிடுகின்றன, நோயாளிகளுக்குப் பிறகு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவர் அல்லாத படிப்புகளைக் குறைவாக எண்ணும் உறவினர்களுக்கும் இந்த ஊரிலேயே விடை இருக்கிறது. 1948-இல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு மறுசீரமைப்பு அறுவை செய்யத் தொடங்கியது இங்கேதான். ஆனால் இடம் மாற்றித் தைக்கப்பட்ட தசைநாண் அறுவை முடிந்த உடனேயே விரலை அசைத்துவிடாது. வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்த தசையைப் புதிய வேலைக்குப் பழக்க, இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் நாள் தவறாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த உழைப்பு இல்லாவிட்டால் அறுவையால் பயன் இல்லை. சுகாதார அறிவியல் படிப்பு என்று நாம் சொல்வதெல்லாம் இப்படி உட்காரக்கூடியவர்களை உருவாக்குவதற்காகத்தான்.

நான் சேர்ந்தபோது பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தேவைப்படவில்லை. குடியாத்தத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். இரத்தச் சிவப்பணு, வெள்ளணு, நுண்தட்டு என்று தெளிவாகத் தெரிந்திருந்த பொருள்களெல்லாம் முதலாண்டு ஆங்கிலப் புத்தகத்தில் முகம் தெரியாதவையாக மாறிவிட்டன. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் விடை தெரிந்தும் எழுத வராமல் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். உடற்செயலியல் எடுத்த ஆசிரியை ஒருவர் மட்டும், மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக இருந்து, ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் சொல்லிப் புரியவைத்து, பிறகு அதே கருத்தை ஆங்கிலத்தில் மூன்று வரியாக எழுதச் சொல்லுவார். அது கல்லூரியின் ஏற்பாடு அல்ல, அவருடைய சொந்த முயற்சி. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கட்டணம் வாங்கும் எந்தக் கல்லூரியும் முதல் மூன்று மாதம் இதைச் செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் வகுப்பில் இரண்டாம் ஆண்டுக்குள் படிப்பை விட்டுப் போனவர்களுக்கு அறிவியல் வராமல் இல்லை, மொழிதான் வரவில்லை.

கல்லூரி ஆய்வகத்தைப் பற்றி மனவருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. எட்டுப் பேருக்கு ஒரு நுண்ணோக்கி இருந்தது. ஒரு மணி நேரச் செய்முறை வகுப்பில் ஒருவருக்கு ஏழு நிமிடம் கிடைத்தால் பெரிது, அந்த ஏழு நிமிடத்தில் பாதி, முன்னால் பார்த்தவர் மாற்றி வைத்த குவியத்தைச் சரிசெய்வதில் போய்விடும். இரத்தப் பூச்சு, நாங்கள் ஸ்மியர் என்று சொல்வது, எழுத்தில் படித்தால் மிக எளிது. கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் தீக்குச்சித் தலையளவு ஒரு துளி இரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடை முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை சாய்வில் பின்னோக்கி இழுத்து, துளி விளிம்பு முழுவதும் பரவியதும் ஒரே சீராக முன்னே தள்ள வேண்டும். கை தயங்கினால் அலையலையாக வரும், அழுத்தினால் வெள்ளணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும், ஸ்லைடில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஓட்டை ஓட்டையாக விழும். சரியாக வந்தால் நாக்கு நுனிபோல் மெலிந்து முடியும், அந்த மெல்லிய பகுதிக்குச் சற்று உள்ளே, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஏறாமல் நிற்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். இது கைக்கு வருவதற்கு எனக்கு ஏறத்தாழ இருநூறு ஸ்லைடு ஆனது, அவற்றில் கல்லூரியில் போட்டவை முப்பதுகூட இருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. என் அப்பா கைலி நெய்பவர். துணியின்மேல் சிறிய கண்ணாடி ஒன்றை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பார். லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில் நூறு வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணக் கற்றுக்கொண்ட நாளன்று வீட்டுக்குப் போய் அதை விளக்கியபோது, "வரிசை விட்டு வரிசை தாவாம எண்ணணும், இல்லன்னா அதே இழைய ரெண்டு தரம் எண்ணிடுவோம்" என்றார். ஸ்லைடைக் கோட்டை மதிலின் மேல்விளிம்புபோல் ஏறி இறங்கி நகர்த்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்ததற்கான காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நுண்ணுயிரியல் பாடத்துக்கு ஒரு பருவம் முழுவதும் ஆசிரியர் இல்லை. வேறு துறைக்காரர் ஒருவர் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார். கிருமிகளை வளர்க்கும் ஊடகத்தை நாங்கள் தயாரித்ததே இல்லை, தயாராக வந்த தட்டுகளைப் பார்த்து அடையாளம் சொன்னதோடு சரி. அதற்கு ஈடாக ரெக்கார்டு நோட்டு எழுதும் வேலை மட்டும் குறைவின்றி நடந்தது. நிறப் பென்சிலால் பாக்டீரியா வரைந்து, கையெழுத்து வாங்கி, தவறான இடத்தில் கோடு போட்டதற்காகத் திரும்ப வரைந்த மணிக்கணக்குகளைச் சேர்த்தால் ஒரு மாதப் பயிற்சியே அதில் கரைந்திருக்கும். இன்றும் என் வேலையில் பலவீனமான பகுதி நுண்ணுயிரியல்தான். அதற்கு இன்டர்ன்ஷிப்பில்கூட ஈடுகட்ட முடியவில்லை.

மருத்துவமனைக்குள் காலை வைத்த இரண்டாம் ஆண்டு முதல்தான் படிப்பு உயிர்பெற்றது. காலை ஆறரை மணிக்கு வார்டில் இரத்தம் எடுக்கத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பார்ப்பது மட்டும், மூன்றாம் வாரம் மூத்த டெக்னீஷியன் பக்கத்தில் நிற்க நாங்கள் எடுப்பது. டூர்னிக்கே என்னும் இறுக்குப் பட்டையைக் கையில் கட்டி ஒரு நிமிடத்துக்குமேல் விட்டுவைக்கக் கூடாது, நரம்பைக் கண்ணால் தேடாமல் விரலால் தேட வேண்டும், ஊசியை எடுத்த பிறகு கையை மடக்கச் சொல்லாமல் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்பு நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "ராணியா?" என்று கேட்டால், மயக்கத்திலும் பயத்திலும் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார்.

பாடத்திட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு பாடமும் உண்டு. வேலூருக்கு வரும் நோயாளிகளில் எத்தனை பேர் வங்காளத்திலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், வடகிழக்கிலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள் என்பது காந்தி சாலையிலும் ஐடா ஸ்கடர் சாலையிலும் கடைப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும். அவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் மருத்துவமனைக்கும் வந்தார்கள். கையை இறுக மூடச் சொல்ல 'ஹாத் முட்டோ கோருன்' என்ற மூன்று சொல்லை வார்டு உதவியாளர் ஓர் அக்காதான் கற்றுத் தந்தார். அந்த மூன்று சொல்லைக் கேட்டவுடன், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த ஓர் அம்மாவின் தோள் இறக்கம் கண்டதை நேரில் பார்த்தேன். தளர்ந்த கையில் நரம்பும் எளிதாகக் கிடைத்தது. வேலூரில் சுகாதாரப் படிப்பு நடத்துபவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது வார்டு வங்காளமும் வார்டு இந்தியும் சொல்லித் தரலாம். அதற்குச் செலவு ஒன்றும் ஆகாது.

மூன்றாம் ஆண்டில் நான் செய்த பிழை ஒன்றை எழுதியாக வேண்டும். இந்தப் படிப்பு தன் பெயருக்குத் தகுதியானது என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து முதியவர் ஒருவர் டயாலிசிஸ் எடுத்துக்கொண்டிருந்தார். நரம்பு கிடைப்பது கடினம். ஊதா மூடிக் குழாய் நிரம்பிவிட்டது, சிவப்பு மூடிக் குழாய்க்கு இரத்தம் போதவில்லை. மறுபடி குத்த மனம் வராமல், ஊதாக் குழாயைத் திறந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது: பொட்டாசியம் பன்னிரண்டுக்கு மேல், கால்சியமோ இயந்திரம் அளக்கக்கூடிய எல்லைக்கும் கீழே. எங்கள் மேற்பார்வையாளர் இயந்திரத்தைச் சோதிக்கவில்லை, சாம்பிளைத் திரும்ப ஓட்டவும் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "ஊதாவிலிருந்து சிவப்புக்கு ஊற்றினாயா அம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. ஊதாக் குழாயின் உள்ளே இருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசிய உப்பு என்பதையும், இரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையும், அதனால்தான் ஒன்று ஏறி மற்றது மறைந்துவிட்டது என்பதையும் நானே சொல்லும்வரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தில் இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். பிறகு அவர் சொன்னது இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை: "பன்னிரண்டு வந்ததால் பிழைத்தோம். நீ இன்னும் கொஞ்சமாக ஊற்றி ஆறரை என்று வந்திருந்தால், டயாலிசிஸ் நோயாளிக்கு அது இருக்கக்கூடியதுதான் என்று நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். உடம்பில் ஏறாத பொட்டாசியத்துக்கு வார்டில் மருந்து ஏற்றியிருப்பார்கள்." பெரிய பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், நம்பக்கூடிய அளவில் வரும் சிறிய பிழைதான் ஆளைக் கொல்லும் என்பதை எனக்கு எந்தத் தேர்வும் கற்பித்திருக்க முடியாது. வார்டுக்கு என்னையே அனுப்பி, சிஸ்டரிடமும் நோயாளியிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்ப எடுத்துவரச் சொன்னார். ஒரு கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய், இருந்ததால் அந்தக் கையைத் தொடக்கூடாது. ஏற்கெனவே நான் குத்திய கையிலேயே, புறங்கையில்தான் எடுக்க வேண்டியிருந்தது. "எடு கண்ணு" என்று அவர் கையை நீட்டினார். இம்முறை எந்தக் குழாய்க்குப் பின் எந்தக் குழாய் என்ற வரிசை மாறாமல், வெளிர் நீலம், சிவப்பு, ஊதா, சாம்பல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எடுத்தேன். இன்றும் அப்படித்தான் எடுக்கிறேன்.

அப்படி ஒரு மேற்பார்வையாளர் கிடைப்பதுதான் இந்தப் படிப்பின் முழு மதிப்பு. ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் நிகழ்வதில்லை. இரத்தம் எடுப்பது, பெயர் ஒட்டுவது, கொண்டு வருவது ஆகியவற்றிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அந்த இடங்களில் மாணவரின் அருகே நிற்க ஆள் இல்லாத கல்லூரி, எத்தனை இயந்திரம் வாங்கி வைத்திருந்தாலும், பாதிப் படிப்பைத்தான் தருகிறது.

என் இன்டர்ன்ஷிப் கொரோனா காலத்தில் விழுந்தது. முதல் இரண்டு மாதம் எங்களில் ஆறு பேரைப் பில்லிங் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான், ஆனால் ஊதியமும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல் ரசீது அடிப்பதற்காக நாங்கள் அந்த ஓராண்டைக் கொடுக்கவில்லை. எழுத்து மூலம் முதல்வரிடம் மனு கொடுத்த பிறகே துறைவாரியான சுழற்சி அட்டவணை வந்தது. பல மாணவர்கள் சான்றிதழ் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை, தேதியிட்டு எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதத்தில், இரண்டாம் அலையில், ஸ்வாப் சாம்பிள்கள் பெட்டி பெட்டியாக வந்தபோது எங்கள் பணி குழாயில் உள்ள பெயரையும் படிவத்தில் உள்ள பெயரையும் ஒத்துப் பார்ப்பது. ஒருநாள் ஒரே தெருவிலிருந்து ஒரே பெயரில், ஒரே வயதில் இரண்டு பெண்கள். நள்ளிரவு தாண்டிய வேளையில் அந்த இரண்டையும் தனியே எடுத்து வைத்து, காலையில் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்த பிறகே ஓட்டினோம். ஒருவருக்குத் தொற்று இருந்தது, மற்றவருக்கு இல்லை. மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த மாதத்தில் வாழ்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஜவ்வாது மலைக்கு ஒருமுறை இரத்தசோகை முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். நல்ல அனுபவம், ஆனால் நான்கு ஆண்டில் ஒரே ஒரு முகாம் மிகக் குறைவு. சாலையோர மரத்தடிகளில் வண்டியை நிறுத்திக் கிராம மக்களைப் பார்த்த ஐடா ஸ்கடரின் ஊரில், மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போவதுதான் பாடத்தின் மையமாக இருந்திருக்க வேண்டும். விடுதி, உணவு, பேருந்து பற்றியெல்லாம் எழுத அதிகம் இல்லை, சமாளிக்கலாம். கட்டணத்தில் மட்டும், சேர்க்கையின்போது சொல்லாத தொகைகள் ஒவ்வொரு பருவமும் முளைக்கும் என்பதால், நான்கு ஆண்டுக்கும் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

வேலை விஷயத்தில் உண்மையைச் சொன்னால், ஊருக்குள் இருக்கும் சிறிய ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. பட்டத்தைவிட அனுபவத்துக்கே மதிப்பு. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புபவர்கள் புரோமெட்ரிக் என்னும் உரிமத் தேர்வு எழுதவும், டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் மூலம் சான்றிதழ்களைச் சரிபார்க்கவும் வேண்டியிருக்கும். அப்போது எந்தத் துறையில் எத்தனை மாதம் பயிற்சி என்று தெளிவாக எழுதிய இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கையில் இருப்பது பெரிய உதவி. இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியதால், எங்களைப் போன்ற தொழில்களுக்கும் பதிவேடும் பாடத்தரமும் வர வழி பிறந்திருக்கிறது. பல ஆண்டுகள் எந்தக் குழுமத்தின் பெயரும் இல்லாமல் வேலை பார்த்த மூத்தவர்களை நினைத்தால், இது தாமதமாகவாவது வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

சேருவதற்கு முன் கல்லூரி வளாகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, இணைப்பு மருத்துவமனைக்குக் காலை ஆறரை மணிக்குப் போய் சாம்பிள் எடுக்கும் இடத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மாணவர் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கிறாரா, அல்லது மாணவரே தனியாகத் தட்டை ஏந்திக்கொண்டு அலைகிறாரா என்பது தெரிந்துவிடும். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். என்னும் தேசியத் தர அங்கீகாரம் உண்டா, எத்தனை மாணவருக்கு ஒரு நுண்ணோக்கி, நுண்ணுயிரியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

சென்ற மாதம் ஒரு சான்றிதழுக்காகக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஆய்வகத்தில் புதிய நுண்ணோக்கிகள் வரிசையாக இருந்தன, இரண்டு பேருக்கு ஒன்று என்று கணக்கு வந்தது. எண்ணிப் பார்த்து மனம் நிறைந்தது. எனக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்த ஆசிரியை வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். நுண்ணுயிரியல் ஆசிரியர் பணியிடம் காலியாகத்தான் இருக்கிறது.